தெருவே கூடிப் புகார் கொடுத்தோம்

என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறியில் உட்கார்ந்தவன் நான். தப்பு இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும்.

பேச்சும் எனக்கு வராது. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மொய்யை மனைவி கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்து நிற்பேன். அப்படிப்பட்டவன் கடைக்குப் போய் நோட்டு வாங்கி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளைகள் வீடியோ போடுகிற அந்தக் கம்பெனியிடம் புகார் கொடுக்கப் போனால், நடந்தது என்ன என்று எழுத இடமே வைக்கவில்லை. ஏழெட்டு வரிகளை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போய்விட வேண்டும். ‘எனக்கு இது பிடிக்கவில்லை’ என்று ஒரு வரி. ‘இது ஏமாற்று வேலை’ என்று ஒரு வரி. என் மகளுக்கு நடந்தது அதில் எந்த வரியிலும் அடங்கவில்லை. அதனால் இதில் எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒரே மகள். பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைக்குப் பாவு என்று பேர். ஒரு பாவு நெய்து முடிந்து புதுப் பாவு ஏற்றும்போது, பழைய இழையின் நுனியோடு புது இழையை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழை இருக்கும். பட்டு வழுக்கும் என்பதால் விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்குவோம். அந்த வேலையில் என் மனைவியைவிட மகளுக்குக் கை வேகம். லீவு நாளில் அவளாகவே வந்து உட்காருவாள். வேலை மும்முரத்தில் நாக்கின் நுனி வெளியே வந்திருக்கும். சாம்பல் கையாலேயே மூக்கைச் சொறிந்து கன்னத்தைத் துடைத்து, முகமெல்லாம் திட்டுத் திட்டாக இருக்கும்.

ஆனி மாதத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, கூடப் படிக்கிற பெண் ஒருத்தி நோட்டு வாங்க வீட்டுக்கு வந்தாள். இவள் பாவு சேர்த்துக்கொண்டிருப்பதைப் போனில் வீடியோ எடுத்தாள். இவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். வேண்டாம் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. காஞ்சிபுரத்தில் எங்கள் பேட்டையில் வெளியூர்க்காரர்கள் வந்து தறியைப் படம் எடுப்பது வழக்கம்தான்.

அந்த வீடியோவில் நாக்கைத் தொங்கவிட்டு நாய் மூச்சு இளைக்கிற சத்தத்தைச் சேர்த்து, இங்கிலீஷ் எழுத்தில் ‘சாம்பல் மூஞ்சி’ என்று எழுதி அந்தப் பெண் போட்டிருக்கிறாள். நாக்கு வெளியே இருக்கிற அந்த இடம் மட்டும் திரும்பத் திரும்ப வரும். வகுப்பில் இருந்தவர்கள் பார்த்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து இவள் உள்ளே நுழைந்தால் கடைசி பெஞ்சில் நாய் போல இளைப்பார்களாம். ஒருநாள் யாரோ ஊதுவத்திச் சாம்பலைப் பொட்டலம் கட்டிக்கொண்டுவந்து இவள் உட்காரும் இடத்தில் கொட்டியிருக்கிறார்கள். இவள் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தலைவலி. முதலில் திங்கட்கிழமைகளில் வந்தது, பிறகு தினமும் வந்தது. கடைசியில் என் மனைவிதான் கண்டுபிடித்தாள். கிணற்றடியில் இவள் பாத்திரம் தேய்க்கிற நாரை வைத்துக்கொண்டு விரல் நுனிகளைத் தோல் உரியும்வரை தேய்த்துக்கொண்டிருந்தாளாம். பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டபோது எல்லாம் வெளியே வந்தது.

நான் போனை எடுத்துக்கொண்டு முனையில் இருக்கும் போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் பாய் எனக்கு இருபது வருடப் பழக்கம். முன்பு கடிகாரம் ரிப்பேர் செய்தார், இப்போது போன் ரிப்பேர் செய்கிறார். வீடியோவைப் பார்த்தார். போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார். பிறகு எந்த வரியைத் தொட வேண்டும் என்று அவரே பார்த்துத் தொட்டு, என் பேரில் புகார் அனுப்பினார்.

அடுத்த நாளே பதில் வந்துவிட்டது. நன்றி சொல்லியிருந்தார்கள். பரிசீலித்தோம், இது எங்கள் விதிகளுக்கு விரோதமாக இல்லை, நீங்கள் இதைப் பார்க்க விரும்பாவிட்டால் அந்த நபரைத் தடுத்துவைக்கலாம் என்று தமிழிலேயே எழுதியிருந்தார்கள். அந்தத் தமிழும் ஒரு மாதிரியாக இருந்தது. நான் எழுதுகிற தமிழே தேவலாம்.

“நான் பாக்காம இருந்தா போதுமா பாய்? மத்தவங்க கண்ணை யாரு மூடறது?” என்று கேட்டேன்.

“எந்த மனுஷனும் பாத்திருக்க மாட்டான்ணே. மிஷின்தான் பாக்குது. ஒரு பொண்ணு இருக்குது, நாய் சத்தம் கேக்குது, சாம்பல்னு எழுதியிருக்குது. இதுல என்னா தப்புன்னு மிஷினுக்கு எப்படித் தெரியும்?”

தெரியாத மிஷினை எதற்குக் காவலுக்கு வைக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. நான் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்கிறவன். புடவையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அங்கே ஒருவர் மேசைமேல் விரித்து, டியூப் லைட் வெளிச்சத்தில் சாண் சாணாகத் தடவிப் பார்ப்பார். ஒரு இடத்தில் இழை விட்டிருந்தால் மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார். விற்று ஆறு மாதம் கழித்து யாராவது குறை சொல்லிக்கொண்டு வந்தாலும், சீட்டில் இருக்கும் நம்பரைப் பார்த்து என் வீட்டுக்கு ஆள் வரும். நான் பார்க்கவில்லை, தறிதான் அப்படி நெய்துவிட்டது என்று சொன்னால் யாராவது ஒத்துக்கொள்வார்களா? ஒரு புடவைக்கே இவ்வளவு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனை வீட்டுப் பிள்ளைகளை உள்ளே கூட்டிவைத்திருக்கிற கம்பெனிக்கு ஒரு ஆள் கிடையாது, போய் நிற்க ஒரு வாசல் கிடையாது.

பாய் இன்னும் இரண்டு முறை புகார் அனுப்பினார். அதே பதில்தான் வந்தது. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். இதைச் செய்யச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எங்கள் தெருவில் விடிந்தும் விடியாமலும் பாவு நீட்டுவார்கள். பட்டு இழையைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளைத் தேடித் தேடி முடிபோட்டுக் காயவைப்பது. அது ஒரு வீட்டு ஆட்களால் ஆகிற வேலை இல்லை. யார் வீட்டுப் பாவு என்று பார்க்காமல் தெருவே இரண்டு பக்கமும் வந்து நிற்கும். தூறல் விழுந்தால் ஒரு குரல் கொடுத்தால் போதும், ஓடி வந்து தூக்கிவிடுவார்கள். இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளும் ஒரே பாவில் எதிரும் புதிருமாக நின்று முடிபோட்டதைப் பார்த்திருக்கிறேன். கூப்பிட்டால் வர வேண்டும். அது எழுதாத சட்டம்.

அதை நினைத்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒருத்தன் புகார் கொடுத்தால் மிஷின் மதிக்கவில்லை. தெருவே கொடுத்தால்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக்காரர் பாவு நீட்டினார். இருபது பேருக்குமேல் இருந்தார்கள். நான் நடுவில் போய் நின்று பேசினேன். என் வாழ்நாளில் அத்தனை பேருக்கு முன்னால் பேசியது அதுதான் முதல் தடவை. பெண்ணைக் கேவலப்படுத்தி ஒரு வீடியோ வந்திருக்கிறது, எல்லோரும் ஆளுக்கொரு புகார் கொடுத்து உதவ வேண்டும் என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. கஞ்சிக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்ப் போனை எடுத்துக்கொண்டு வந்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் மகளுக்காகத் தெரு நிற்கிறது என்று நினைத்தேன்.

புகார் கொடுக்க வேண்டுமானால் முதலில் வீடியோவைப் பார்க்க வேண்டும். பார்த்தார்கள். ஒரு தடவை பார்த்துப் புரியாதவர்கள் நாலு தடவை பார்த்தார்கள். புகார் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பக்கத்து ஆள் போனை வாங்கிப் பார்த்தார்கள். தெருவெல்லாம் நாய் இளைத்தது. எதிர்வீட்டுக்காரர் எனக்குச் சித்தப்பா முறை. அவர் என்னைக் கூப்பிட்டு, “ஏம்பா, இந்த சிரிக்கிற மூஞ்சிதான புகாரு? நான் அமுத்திட்டேன்” என்றார். இன்னொருவர் ஆரணியில் இருக்கும் சம்பந்தி வீட்டுக் குழுவுக்கு அதை அனுப்பி, அங்கிருப்பவர்களையும் புகார் கொடுக்கச் சொல்லிவிட்டார். மூன்றாவது வீட்டுக்காரர் நன்றாக எழுதத் தெரிந்தவர். அவர் வீடியோவுக்குக் கீழேயே, இது கௌரவமான குடும்பத்துப் பெண், யாரும் கேலி செய்யாதீர்கள் என்று எழுதி, என் பேரையும் தெருப் பேரையும் போட்டு, பிள்ளையார்பாளையம் என்று பேட்டைப் பேரோடு முடித்துவிட்டார். அதுவரை அந்த வீடியோவில் அவள் யார், எந்த ஊர் என்று ஒன்றும் கிடையாது.

நான் எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

முந்நூறு பேர் பார்த்திருந்த வீடியோ அது. புதன்கிழமை பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. தேடிப் போகாதவர்கள் போனிலும் அதுவாகவே போய் நின்றது. பெரிய காஞ்சிபுரத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் என் மைத்துனன் கூப்பிட்டு, கடையில் பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நம்ம பொண்ணு மாதிரி இருந்தது என்றான். வேறு யார் யாரோ அதை எடுத்து, நாய் சத்தத்துக்குப் பதிலாகச் சினிமாப் பாட்டைப் போட்டு, தங்கள் பேரில் விட்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் மகள் தறிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நான் தறியில் குறுக்கே ஓடிய நாடாவை நிறுத்தினேன்.

“க்ளாஸ்ல இருக்கறவங்களுக்கு மட்டுந்தான்பா தெரிஞ்சிக்கினு இருந்துச்சு. இப்போ பால் ஊத்த வர்ற அண்ணன்கூட என்னைப் பாத்தா தலையைக் குனிஞ்சிக்கினு போறாரு. பாவமா இருக்குதாம்.”

“தெருவே உனக்கு உதவி பண்ணுச்சும்மா.”

“நான் கேட்டனா?”

அவள் பாவில் அறுந்திருந்த ஒரு இழையைத் தேடி முடிபோட்டாள்.

“நாளைலருந்து நான் ஸ்கூலுக்குப் போகல. இங்கயே உக்காந்துக்கறேன். உனக்கும் கூட ஒரு ஆளாச்சு.”

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். கடைக்குப் போய் உப்பு வாங்கி வருகிறேன் என்பதுபோலச் சொன்னாள். ஆறாம் வகுப்பிலிருந்து ஏனாத்தூர் காலேஜில் கம்ப்யூட்டர் படிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்த பெண் அவள். அந்தப் பக்கம் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட அவளுக்குத் தெரியும்.

மறுநாள் சொன்னதுபோலவே போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. வகுப்பு டீச்சர் வீட்டுக்கே வந்தார். கடைசி பெஞ்சில் இருப்பவர்களைப் பிரித்து உட்காரவைத்துவிட்டேன், பொதுத்தேர்வு வருடம், வா என்று கூப்பிட்டார். அவரிடம் மரியாதையாகப் பேசி, டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டாள். போகவில்லை.

நான் பாய் கடைக்குப் போய்க் கத்தினேன். கத்தினேன் என்றால் என் அளவுக்கு. தெரு முழுக்கப் புகார் கொடுத்தும் ஏன் இப்படி ஆனது என்று கேட்டேன்.

“திட்டறானா வாழ்த்தறானான்னு அதுக்குக் கவலையில்லைண்ணே. எத்தனை பேரு நின்னு பாத்தான், அதான் கணக்கு. உங்க தெருவே நின்னு பாத்துச்சு. சரக்கு நல்லாருக்குது போலன்னு ஊருக்கே காட்டிடுச்சு.”

“இதை மொதல்லயே சொல்லக்கூடாதா பாய்?”

“என்னைக் கேட்டுக்கினா போனீங்க?”

நியாயம்தான். கேட்கவில்லை. ஆனால் எனக்கு இன்னும் ஆறவில்லை. போன வாரம் என் மனைவி எந்தக் குக்கரைப் பார்த்தாள் என்று அந்தக் கம்பெனிக்குத் தெரிகிறது, மறுநாளே அதே குக்கரைக் காட்டுகிறது. ஒரு தெருவே வந்து இது தப்பு, இது தப்பு என்று சொன்னது மட்டும் அதற்குக் கேட்கவில்லை. என் தப்பும் இருக்கிறது. மகளுக்குப் போன் வாங்கிக் கொடுத்தது நான்தான். உள்ளே சேரும்போது வயது கேட்பார்களாம். வயதைக் கூட்டிக் காட்ட, பிறந்த வருடத்தை இரண்டு மூன்று தள்ளிப் போட்டால் விட்டுவிடுவார்களாம். வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் சேர்ந்தார்களாம், இவளும் அப்படித்தான். ரங்கராட்டினம் சுற்றுகிறவன்கூடக் குழந்தையின் உயரத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுகிறான்.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். அங்கே இருந்த போலீஸ் அம்மா நல்லபடியாகப் பேசினார். கம்பெனிக்குக் கடிதம் போடுவோம், பதில் வர நாளாகும், முதலில் வீடியோ போட்ட பெண்ணைக் கூப்பிட்டு விசாரிப்போம் என்றார். புகார்க் காகிதத்தில் எழுத அந்தப் பெண்ணின் பேரைக் கேட்டார். அவளும் என் மகள் வயதுதான். பலகோடிப் பேருக்குக் காட்டிப் பிழைக்கிறவனுக்குக் கடிதம், பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு ஸ்டேஷன். கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

விஷயம் காதுக்கு எட்டி, அந்தப் பெண்ணை அவள் அப்பாவே கூட்டிக்கொண்டு வந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர். அவள் கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. அடிக்காதீர்கள் என்று மட்டும் அவரிடம் சொன்னேன். பெண் அழுதுகொண்டே பேசினாள்.

“நான் போட்டதை போன வாரமே டெலீட் பண்ணிட்டேன் அங்கிள். வேற யார் யாரோ போட்டுக்கினே இருக்காங்க. நானும் ரிப்போர்ட் பண்ணேன். தப்பு இல்லைன்னு வருது.”

உள்ளே இருந்து என் மகள் வெளியே வந்தாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“நாய் சத்தம் நீயா சேத்த?”

“அது ஆப்லயே இருக்குது. வீடியோவைப் போட்டதும் இந்த சத்தம் வேணுமான்னு அதுவே காட்டுச்சு. நல்லாருக்குதேன்னு அமுத்திட்டேன்.”

மகள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அந்தப் பெண் வாங்க வந்து மறந்துவிட்டுப் போன நோட்டை மட்டும் எடுத்து வந்து கொடுத்தாள். பழிப்பதற்குச் சத்தத்தையும் கம்பெனிக்காரர்களே கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். இது விதிகளுக்கு விரோதமாக இல்லையாம்.

ஆடி பாதியில் ஒருநாள் பாய் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். வீடியோக்களில் முக்கால்வாசி போய்விட்டன என்றார். எனக்கு நம்ப முடியவில்லை. கம்பெனிக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்றேன். அவர் உட்காருங்கள் என்றார்.

“நம்ம புகாருக்கு இல்லைண்ணே. சினிமாப் பாட்டு போட்டிருந்தானுங்க பாருங்க, அந்தப் பாட்டுக்காரங்க எங்க பாட்டை எப்படிப் போடலாம்னு கேட்டிருக்காங்க. ஒரே நாள்ல எல்லாத்தையும் தூக்கிட்டான்.”

“பாட்டுக்கா?”

“பாட்டுக்குச் சொந்தக்காரன் இருக்கான்ல.”

“எம்பொண்ணுக்கு நான் இல்லையா பாய்?”

அவர் டீ சொன்னார். டீ வந்தது. இரண்டு பேரும் குடித்தோம்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். சொல்லலாமா என்று யோசித்துத்தான் சொன்னேன். பல நாளுக்குப் பிறகு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கு முப்பது வயது ஆகிவிட்டது போல இருந்தது.

“அப்போ என்னையும் யாராவது பாட்டா எழுதி வெச்சிருந்தா நல்லாருந்திருக்கும்.”

எது அவள் மனதை மாற்றியது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண் வந்து அழுததா, டீச்சர் வந்ததா, பாட்டுச் சமாசாரமா, கேட்கவும் பயமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் யூனிபார்ம் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். சைக்கிளில் கொண்டுவந்து விடட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம்பா. நீ யாருகிட்டயும் எதுவும் சொல்லாத. யாரையும் எதுவும் பண்ணச் சொல்லாத. அது போதும்.”

சரி என்றேன். அவள் தெருமுனை திரும்புகிறவரை நின்று பார்த்தேன். அன்று சாயங்காலம் வரை நான் நெய்தது ஒரு சாண்கூட இருக்காது. நாலரை மணிக்கு வந்தாள். பையைப் போட்டுவிட்டுச் சோறு கேட்டாள். சாப்பிடும்போது அவளாகவே சொன்னாள், ஒருத்தன் மட்டும் இன்னும் இளைத்தானாம், இவள் திரும்பி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாளாம், அவன் நிறுத்திவிட்டானாம். பிறகு கணக்குப் பரீட்சை எப்போது என்று பேச ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு ஒருநாளும் பள்ளிக்கூடம் போகாமல் நிற்கவில்லை.

பாட்டு இல்லாத ஒன்றிரண்டு வீடியோ இன்னும் இருக்கும் என்று பாய் சொன்னார். போய்விட்டதா என்று பார்க்கலாம் என்றால், நான் பார்ப்பதையும் அந்த மிஷின் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொண்டு இன்னும் பத்துப் பேருக்குக் காட்டும். பெற்ற அப்பன் கவலையோடு பார்ப்பதும், கேலிக்காரன் சிரித்துக்கொண்டு பார்ப்பதும் அதற்கு ஒன்றுதான். புகார் கொடுத்தாலும் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அதனால் இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரிந்துகொள்ளாமலே நாளை ஓட்டுகிறேன். கை போனுக்குப் போகும்போதெல்லாம் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருகிறேன். அவள் உள்ளே பாடம் படித்துக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கும் பார்க்கவில்லை.

2025 ஆகஸ்ட் 17, ஆவணி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை.